கிள்ளானில் ஒரு மார்கழி

கிள்ளானில் அத்தை வீட்டுக்குள் நுழைந்து நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டார். காலை உணவு உண்பதைப் பசியாறுவது என்றுதான் மலேசியத் தமிழர் சொல்கிறார்கள். நம் பக்கம் டிபன் வந்து விழுங்கிவிட்ட சொல், கடல் தாண்டி இங்கே நலமாக இருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பி, "அச்சு எங்கம்மா? இன்னைக்கு மாவு கரைக்கணுமே" என்றார். அச்சு வீட்டில் இல்லை. தீபாவளிக்கு வாங்கிக்கொண்டு போன மூன்றாம் வீட்டில் இன்னும் இருந்தது. டிசம்பர் 22ஆம் தேதி மலேசிய மண்ணில் எனக்கு வாய்த்த முதல் வேலை, அந்த வீட்டுக்குப் போய் அச்சு முறுக்கு அச்சை வாங்கி வருவது.

பித்தளை அச்சு. எட்டு இதழ்ப் பூ, நடுவில் ஒரு வளையம், மேலே ஒரு முழ நீளக் கம்பி, கம்பியின் நுனியில் மரப்பிடி. பிடியை இரண்டு முறை மாற்றியாகிவிட்டதாம். பூவின் ஓரங்கள் தேய்ந்து மழுங்கி, வெயிலில் காட்டினால் பழைய காசு போல மினுங்கின. அத்தை இதை 1976இல் கொண்டுவந்தார். அந்த வருஷம் தை மாதம் பொறையாற்றில் கல்யாணம். சித்திரையில் நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏறி, பினாங்கைத் தொட்டு, போர்ட் கிள்ளானில் இறங்கினார். சென்னையிலிருந்து நான் நாலு மணி நேரத்தில் பறந்து வந்த தூரம் அவருக்கு ஒரு வாரம். ட்ரங்குப் பெட்டியில் மூன்று பட்டுப்புடவை, வேதாகமம், ஞானப்பாட்டுப் புத்தகம், இந்த அச்சு. "கிறிஸ்மஸ் வந்தா கை சும்மா இருக்கக் கூடாது" என்று சொல்லி என் அப்பாயி கொடுத்தனுப்பியது.

நாங்கள் பொறையாற்று லுத்தரன் குடும்பம். தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் போகிற தூரம். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளுட்சோவும் டென்மார்க் அரசர் செலவில் மிஷனரிகளாக வந்து இறங்கிய கரை அது. அனுப்பியவர் டென்மார்க் அரசரானாலும் வந்த இருவரும் ஜெர்மானியர். ஹாலே நகரத்திலிருந்து அச்செழுத்து வரவழைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு அச்சிட்டார். இதையெல்லாம் பள்ளியில் படித்திருந்தும், வீட்டில் நாங்கள் செய்கிற கிறிஸ்மஸில் பாதி ஜெர்மன் தேசத்து வழக்கம் என்பது எனக்கு நாற்பது வயதுவரை உறைக்கவில்லை. மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுவதும், கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு அட்வெந்து ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவதும் பொறையாற்றுப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். உறைத்த பிறகு ஓர் ஆசை வந்தது. ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த பண்டிகை, தமிழரோடு இன்னொரு கடல் தாண்டி மலேசியாவுக்குப் போய் என்னவாயிற்று என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கேடிஎம் கொமுட்டர் ரயில். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, சன்னலுக்கு வெளியே சுபாங் ஜெயா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று நிலையங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1886இல் கோலாலம்பூரின் ஈயத்தைக் கிள்ளான் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இது. இதே தண்டவாளத்தின் மேல் ஈயம் போயிற்று, ரப்பர் போயிற்று, எதிர்த்திசையில் நம் ஆட்கள் வந்தார்கள்.

கிள்ளானில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜாலான் தெங்கு கெலானா. தீபாவளிக்கு முந்தின மாதம் இந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காதாம். நான் போனபோது கூட்டம் அளவாக இருந்தது. புடவைக் கடை வாசலில் காவடிக்கான மயிலிறகுக் கட்டு. பக்கத்துக் கடையில் பருத்திப்பஞ்சு தூவிய பிளாஸ்டிக் ஊசியிலை மரம். பூக்கட்டுகிற அம்மாவின் மேசையில் மல்லிகைச் சரத்துக்குக் கீழே பொங்கல் பானைக்கு விலை எழுதிய அட்டை. அதே தெருவில் லூர்து மாதா ஆலயம், 1928இல் கட்டிய கோதிக் கோபுரத்தோடு நிற்கிறது. செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் அந்தப் பக்கம்தான். மறுநாள் விடியற்காலை அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாவோடு சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பனி இல்லை, குளிர் இல்லை, மழை பெய்து ஓய்ந்த புழுக்கம் மட்டும். ஆனாலும் திருப்பாவைக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவனுக்காக விழித்துக் காத்திருப்பதுதான் பாவை நோன்பு. அட்வெந்தும் அதேதான், கத்தோலிக்கர் அதைத் திருவருகைக் காலம் என்று இன்னும் அழகாகச் சொல்கிறார்கள்.

அட்வெந்து மெழுகுவர்த்தி வட்டத்தை அத்தையின் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். துணி இலைகளாலான வளையம், நாலு மெழுகுவர்த்தி, மூன்று பாதிக்கு மேல் எரிந்து உருகியிருந்தன. 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர், "கிறிஸ்மஸ் எப்போ? கிறிஸ்மஸ் எப்போ?" என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாளுக்குச் சிறிய மெழுகுவர்த்தியும் ஞாயிறுக்குப் பெரியதுமாக நட்டு, நாளுக்கு ஒன்று ஏற்றினார் என்பது அதன் கதை. பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி நாலும் மட்டும் மிஞ்சின. டிசம்பர் கடைசியில் ஹாம்பர்க்கில் மாலை நாலு மணிக்கே சூரியன் விழுந்துவிடும். அந்த இருட்டில் ஒரு சுடர் கூடுவது எத்தனை பெரிய விஷயம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கிள்ளானில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் பொழுது அடைகிறது. இருட்டைப் பார்த்து ஏற்ற வேண்டிய விளக்கை இங்கே நாட்காட்டியைப் பார்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

இதை நான் அத்தையிடம் சொன்னேன். அவர் மாவு கலக்கிக்கொண்டே, "பொங்கலுக்கு மட்டும் இங்க என்ன அறுப்பா நடக்குது?" என்றார். அந்தக் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. காவிரிக்கரையில் தை பிறந்தால் அறுவடை. அங்கிருந்து வந்தவர்கள் பால்மரக் காட்டிலும் பிறகு செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தார்கள். ரப்பருக்குத் தை இல்லை, செம்பனைக்கு அறுவடைத் திருநாள் இல்லை. ஆனாலும் லயத்து வரிசை வீட்டு வாசலில் பானை வைத்தார்கள், பொங்கியது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வைக்கிறார்கள், அங்கும் பொங்குகிறது. வெப்ப நாட்டில் பஞ்சைப் பனியாக்கி ஊசியிலை மரத்தில் தூவுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. கடல் தாண்டுகிற பண்டிகை பருவத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் கப்பலேறுகிறது. இறங்கிய ஊரில் மனிதர்கள் கூடுகிற நாள்தான் அதற்குப் பருவம். ஜெர்மானியரின் மரத்துக்கு இது நடந்தது, நம் பானைக்கும் நடந்தது.

மாவுக்கு வருவோம். பச்சரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள். தோசை மாவைவிட ஒரு பிடி தளர்வாக இருக்க வேண்டும். அத்தை அச்சை முதலில் கொதிக்கிற எண்ணெயில் அமிழ்த்திச் சூடேற்றினார். சூடான அச்சை மாவில் வைத்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். விளிம்புக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்த வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டு வரவே வராது. மறுபடி எண்ணெயில் வைத்து ஒரு மூச்சு விட்டுப் பொறுத்து, மெல்ல உதற வேண்டும். உதறும்போது பூ நழுவி மிதக்கிறது. அடம்பிடிக்கிற பூவைத் தள்ளிவிட அத்தையின் கையில் ஒரு சாத்தே குச்சி. பொறையாற்றில் இதற்கு ஈர்க்குச்சி. முதல் இரண்டு பூவும் பிய்ந்துதான் வந்தன. "எத்தனை வருஷமானாலும் முதல் ரெண்டும் அச்சுக்குத்தான்" என்று அவற்றை ஓரமாக எடுத்துவைத்தார். எனக்கும் பிடியைக் கொடுத்தார். எட்டாவது பூவில்தான் உதறல் பிடிபட்டது. ஆறின பூக்கள் மைலோ டின்களுக்குள் போயின. கிள்ளானில் எந்த இனத்து வீட்டிலும் பலகாரம் இருக்கிற இடம் அந்தப் பச்சை டின்தான்.

இதே பலகாரத்தைச் சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டிலும் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டிலும் சுடுகிறார்கள். பெயர்கள் பல: குவே ரோஸ், குவே லோயாங், குவே கோயாங். கோயாங் என்றால் மலாயில் ஆட்டுவது, உதறுவது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. தென் ஜெர்மனியில் இதற்கு ரோசன்கியூஹ்லே என்று பெயர், குட்டி ரோஜாப் பணியாரம் என்று சொல்லலாம். அத்தையின் பேத்தி அமெரிக்காவில் மினசோட்டாவில் படிக்கிறாள். ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் குடியேறியவர்களின் சந்ததி நிறைந்த மாநிலம் அது. அவளுடைய வீட்டுக்கார மூதாட்டி டிசம்பர் மாதம் ரோசெட் என்று ஒரு பலகாரம் சுட்டுக் கொடுத்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அரிசிமாவுக்குப் பதில் கோதுமை மாவு, தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால், மேலே பொடித்த சர்க்கரை. அச்சு அதே அச்சு. அத்தை அந்தப் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டார். "நல்லா உதறியிருக்காங்க" என்றார்.

24ஆம் தேதி சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். செங்கல் சூளைகள் இருந்த இடம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளை அழித்த பிறகு, இனிச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று ஆங்கில அதிகாரி சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். செங்கல் இங்கே சுடப்பட்டது. பிறகு ரயில்வே பணிமனை வந்தது, ரயில்வே குமாஸ்தாக்களாக யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். அவர்கள் வாழ்ந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். 2010இல் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் திறந்துவைத்த லிட்டில் இந்தியாவுக்குள் நடந்தால் பூமாலை, வடை, வெற்றிலை வாசனை. நாலு தெருவுக்குள் கந்தசுவாமி கோயில், சிங்களவர் 1894இல் தொடங்கிய சங்கத்தின் பௌத்த விகாரை, பாத்திமா மாதா ஆலயம், விவேகானந்தா ஆசிரமம். அவற்றுக்கிடையே தமிழ் லுத்தரன் சபையின் சீயோன் பேராலயமும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும். நான் தேடி வந்தது இந்த இரண்டையும்தான்.

லுத்தரன் சபை தரங்கம்பாடியின் பிள்ளை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமையிலிருந்து தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து தொழத் தொடங்கியதிலிருந்து அதன் வரலாறு ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளைப் பகை நாட்டவர் என்று இந்தியாவிலிருந்து வெளியேற்றியபோது, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சொந்தக் காலில் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன் சபையின் வேர் அங்கே.

அன்றைய ஆராதனையில் இரண்டு விதமாகப் பாடினார்கள். முதலில் ஞானப்பாட்டு. 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் இருந்த ஜெர்மன் போதகர் பப்ரிசியுஸ் தம் நாட்டுப் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கினார். அந்த மரபில் வந்தவை ஞானப்பாட்டுகள். ஆர்கன் ஒலிக்க, எழுந்து நின்று, அடிக்கு அடி நிறுத்திப் பாடுவது. அடுத்துக் கீர்த்தனை. தபேலாவும் கைத்தாளமும் சேர, உட்கார்ந்திருந்த கிழவிகளின் தோள்கள் அசையத் தொடங்கின. கீர்த்தனை என்றால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் சிறுவனாகவே அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். சரபோஜி மன்னரோடு படித்தவர். ஜெர்மானியரிடம் படித்த ஒருவர் ஜெர்மன் மெட்டை விட்டுவிட்டு நம் ராகத்தில் பாட்டுக் கட்டினார் என்பது எனக்கு எப்போதுமே பெருமை. இரண்டையும் ஒரே மூச்சில் பாடுகிற சபை பிரிக்பீல்ட்ஸிலும் பொறையாற்றிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன், ஊரில் இருந்தேன்.

மெதடிஸ்ட் கதை அமெரிக்காவிலிருந்து வருகிறது. பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவில் படித்துத் திரும்பிய வில்லியம் ஓல்டம், ஜேம்ஸ் தோபர்னோடு 1885இல் சிங்கப்பூரில் இறங்கினார். அங்கிருந்து மலாயா முழுக்க அமெரிக்க மெதடிஸ்ட் பள்ளிகளும் சபைகளும் பரவின. அத்தையின் மருமகள், என் அத்தானின் மனைவி, மெதடிஸ்ட் குடும்பம், யாழ்ப்பாண வழி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா வட்டுக்கோட்டைப் பக்கம் படித்து, மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்தவர். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி நிறுவியவர்களும் அமெரிக்கர்தான், ஆனால் வேறு சபையார்: நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் வழிவந்தவர்கள். தமிழ் அகராதி தந்த வின்சுலோவும், தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் மருத்துவரும் அந்த மிஷனைச் சேர்ந்தவர்களே.

அந்தப் பியூரிட்டன் முன்னோர் கிறிஸ்மஸே கொண்டாடாதவர்கள். மாசசூசெட்ஸில் 1659இல் கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டு, 1681இல்தான் நீக்கினார்கள். அமெரிக்கருக்குக் கிறிஸ்மஸை விரும்பக் கற்றுக்கொடுத்ததில் ஜெர்மன் குடியேறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிகிற தொந்தியும் வெண்தாடியுமான கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு 1863 முதல் பத்திரிகையில் உருவம் கொடுத்த தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியின் லாண்டாவ் ஊரில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் போனவர். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய மிட் வேலி பேரங்காடியில் குழந்தைகள் அந்தத் தாத்தாவோடு வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு வண்ண அரிசியில் பிரமாண்டக் கோலம் போடுகிற இது போன்ற பேரங்காடிகளில், கிறிஸ்மஸ் மரம் இறங்கியதும் சீனப் புத்தாண்டுச் சிவப்பு விளக்கு ஏறும்.

கிறிஸ்மஸ் நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று எழுதுகிற வழக்கம், ரூமா தெர்புகா. பண்டிகை யாருடையதோ அவர் வீட்டுக் கதவு அன்று முழுக்கத் திறந்திருக்கும். அழைக்கப்பட்டவரும் வரலாம், அவர் கூட்டிவருபவரும் வரலாம். ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு நாங்கள் வந்தபோதே வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன.

அத்தை மூன்று மேசை போட்டிருந்தார். முதல் மேசையில் வீட்டில் சமைத்தது: ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக்குழம்பு, நெய்ச்சோறு. வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, இந்து அயலார் வருவார்கள் என்பதற்காக. பன்றி இறைச்சி வாசற்படி தாண்டாது. இரண்டாம் மேசை, தெருக்கோடி மலாய் அம்மாவிடம் சொல்லி வாங்கியது: கோழி ரெண்டாங், நாசி மிஞ்ஞாக், தட்டும் கரண்டியும் அவர்கள் கொண்டுவந்ததே. அந்த அம்மாவின் சொந்தக்காரர்களே வந்து மனத்தடையில்லாமல் சாப்பிட வேண்டும் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். மூன்றாம் மேசையை முதலில் நான் கவனிக்கவில்லை. சுவரோரமாக, வெள்ளைத் துணி மூடி, புத்தம்புது எவர்சில்வர் பாத்திரங்களில் சாம்பார், கூட்டு, தயிர்ச்சோறு. மூன்றாம் வீட்டுப் பையன் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறான், விரதத்தில் இருக்கிறான். கறி தொட்ட பாத்திரம் ஆகாது. விரதக்காரருக்கென்று அத்தை அந்தப் பாத்திரங்களை வருஷம் முழுக்க அட்டைப்பெட்டியில் தனியாக வைத்திருக்கிறார். பதினேழு வயதுப் பையன், காலில் செருப்பில்லாமல் வந்தான், கைகூப்பி "கிறிஸ்மஸ் வாழ்த்துகள் பாட்டி" என்று சொல்லிவிட்டு அந்த மேசைக்கு நேராகப் போனான். யாரும் அவனுக்கு இடம் காட்டவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

நல்லிணக்கம் என்ற சொல்லை மேடைகளில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் இத்தனை பாத்திரம் கழுவுகிற வேலை இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்து அத்தையிடம் அங்பாவ் உறை வாங்கிக்கொண்டார்கள். சீனர் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் காசு கொடுக்கிற வழக்கத்தைப் பார்த்து மலாய்க்காரர் பெருநாளுக்குப் பச்சை உறை கொடுத்தார்கள், தமிழர் தீபாவளிக்குக் கொடுத்தார்கள். அத்தை கொடுத்த உறையில் ஐந்து வெள்ளி, மேலே ஒரு நட்சத்திரப் படம். ரிங்கிட்டை வெள்ளி என்பது இங்கத்திய தமிழ். நாலு மணிக்கு வானம் இருண்டு மழை கொட்டியது. எல்லோரும் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தி வெளியே பார்த்தார்கள். 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கிய நாளிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் டிசம்பர் மழையை யாரும் சும்மா கேட்பதில்லை. அந்த வருஷம் சுட்டு அடுக்கிய அச்சு முறுக்கு அத்தனையும் மைலோ டின்னோடு நிவாரண மையத்துக்குப் போனதாம். "அந்தக் கிறிஸ்மஸ்ல வீட்ல ஒரு பூகூட இல்ல தம்பி. ஆனா மனசு நிறைஞ்சிருந்துச்சு" என்றார் அத்தை.

31ஆம் தேதி இரவு அக்கா என்னைப் பிரிக்பீல்ட்ஸ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு அழைத்துப்போனார். வாட்ச் நைட் சர்வீஸ், விழித்திருந்து புது வருஷத்தை ஏற்கும் ஆராதனை. இந்த இரவுக்காகவே நான் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டிருந்தேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சகோதரர்கள் 1730களில் வருஷக் கடைசி இரவைப் பாட்டும் ஜெபமுமாக விழித்துக் கழித்தார்கள். 1736இல் அமெரிக்காவுக்குப் போகிற கப்பலில் புயல் அடித்தபோது, கலங்காமல் பாடிக்கொண்டிருந்த மொராவியரைப் பார்த்து அசந்துபோனவர் ஜான் வெஸ்லி. பிறகு ஹெர்ன்ஹூட்டுக்கே போய்ப் பார்த்தார். விழிப்பு ஆராதனையைத் தம் மக்களிடம் கொண்டுவந்தார், அவர்கள்தான் மெதடிஸ்டுகள். அது அமெரிக்கா போனது. 1862 டிசம்பர் 31 இரவு, விடிந்தால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் என்று அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் ஆலயங்களில் விழித்துக் காத்திருந்ததும் இதே ஆராதனையில்தான். அதே மொராவியரில் ஒரு கூட்டம் 1760இல் எங்கள் தரங்கம்பாடிக்கு வெளியே ஒரு தோட்டம் போட்டு வாழ்ந்தது. காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஊரைவிட்டுப் போனது. ஊரில் நாங்கள் விளையாடப் போகும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

ஜெர்மனியில் தொடங்கி அமெரிக்கா சுற்றி வந்த வழக்கத்தைத் தமிழில் செய்துகொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு விளக்குகளைக் குறைத்தார்கள். அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு வரிசையில் ஒருவர் தலை குனிந்தது. கடைசி ஐந்து நிமிடம் பேச்சே இல்லை, முழங்காலில் இருந்தோம். வெளியே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் போகிற சத்தம் மட்டும். பிறகு இரட்டைக் கோபுரப் பக்கமிருந்து வாணவேடிக்கையின் முதல் அதிர்வு சன்னலில் தட்டியது. அக்கா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "புது வருஷ வாழ்த்து தம்பி. அம்மம்மா இருந்தா இந்நேரம் எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்திருப்பா" என்றார். அந்தப் பெயர்களில் முதலாவது அவருடைய அம்மம்மாவுடையது.

காலையில் தாமதமாக எழுந்தேன். அத்தை அடுப்படியில் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு போடக் கூடாது. வெந்நீரில் அலசி, காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு இதழுக்குள்ளும் விரல் விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். கூடவே நாங்கள் சுட்டதில் கடைசி டின்.

"எங்க அத்தை?"

"பக்கத்து வீட்டு ஆ சோ கிட்ட குடுத்துட்டு வந்திரு. அவங்க அச்சு பிடி உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. அடுத்து அவங்க பெருநாள்தானே."

வேலிக்கு அந்தப் பக்கம் சீன அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தாளைப் பிரித்து, அச்சை வெயிலில் தூக்கிப் பார்த்து, ஓர் இதழை விரலால் தடவினார். "பாகூஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். டின்னைத் திறந்து ஒரு பூவை எடுத்து நடுவில் உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார்.